படிப்பது கண்ணின் வேலையா?

2014 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 162 சிவில் நீதிபதி பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதியில் ஒரு வரம்பு போட்டிருந்தார்கள். பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். 40-க்குக் குறைந்தால் சட்டப்படி அவர் ஒதுக்கீட்டுக்கே தகுதியில்லை. 50-ஐத் தாண்டினால் நீதிபதி வேலைக்கு ஆகமாட்டார். நடுவில் இருக்கும் அந்தப் பத்து விழுக்காட்டுச் சந்துக்குள் உடம்பை நுழைக்க முடிந்தவருக்குத்தான் இடம்.

70 விழுக்காடு பார்வை இழந்த வழக்கறிஞர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் போய், 2019 ஜனவரி 22 அன்று அங்கும் தோற்றார். வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு எழுத வேண்டியவருக்குக் கேட்கும், பார்க்கும், பேசும் திறன்கள் ஓரளவுக்காவது இருக்க வேண்டும், ஆகவே இப்படி வரம்பு வைப்பதில் தவறில்லை என்றது இரு நீதிபதிகள் அமர்வு. இத்தனைக்கும் 2009-லேயே பார்வையற்ற ஒருவர் சிவில் நீதிபதியாகத் தேர்வாகிக் கோவையில் பொறுப்பேற்றிருந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், பதினாறு மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்த ஜாக் யாக்கூப், 1998 முதல் 2013 வரை தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்திருக்கிறார். அவர் இந்திய வம்சாவளிக்காரர் என்பது கூடுதல் செய்தி.

இரண்டே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2021 பிப்ரவரியில், மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்துதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில், நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2019 தீர்ப்பைக் கையில் எடுத்துப் பார்த்தது. 'நியாயமான வசதி ஏற்பாடு', அதாவது ஒருவர் வேலை செய்யத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது என்ற கருத்தே அதில் தலைகாட்டவில்லை, பழைய 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு, அதற்குப் பதிலாக 2016 சட்டம் வந்த பிறகு முன்னுதாரணமாகாது என்று ஒதுக்கி வைத்தது. அடுத்து 2025 மார்ச் 3. பார்வையற்ற மகனோ மகளோ இருக்கும் வீட்டில் நடக்கக்கூடிய ஒரு காரியத்தில் தொடங்கியது அந்த வழக்கு: நீதிபதி ஆக விரும்பிய பார்வையற்ற ஒருவரின் தாய், இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். கடிதமே மனுவானது. பார்வையற்றோர் நீதித்துறைப் பணிக்கு வரவே கூடாது என்ற மத்தியப் பிரதேச விதியை உச்ச நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி மகாதேவன்.

அந்த 70 விழுக்காட்டு வழக்கறிஞருக்கு இதனால் ஆன லாபம் எதுவும் இல்லை. சட்டம் திருந்தும் வேகத்துக்கும் மனிதருக்கு வயது ஏறும் வேகத்துக்கும் பொருத்தமே கிடையாது. தேர்வு வயது வரம்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்த மூன்று தீர்ப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்திருப்பது தெரியும். 'பார்வை இல்லாதவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா?' என்பது பழைய கேள்வி. 'இவர் இந்த வேலையைச் செய்ய எதை மாற்றித் தர வேண்டும்?' என்பது புதிய கேள்வி. இந்தியா 2007 அக்டோபரில் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதற்கேற்பப் புதிய சட்டம் எழுத ஒன்பது ஆண்டு பிடித்தது. 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறது. தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று அதன் விளக்கப் பிரிவில் இருக்கிறது. அந்த மாற்றம் நிறுவனத்தின் மேல் தாங்க முடியாத சுமை ஆகக்கூடாது என்பது மட்டுமே விலக்கு.

யார் பார்வையற்றவர் என்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்க முடிகிற பரப்பு, 10 டிகிரிக்குள் சுருங்கிவிட்டால் அவர் பார்வையற்றவர். மற்றவர் அறுபது மீட்டர் தொலைவில் பார்ப்பதை இவர் மூன்று மீட்டருக்குள் வந்தால்தான் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 6/18 வரை குறைபார்வை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களாக நாடு முழுக்கப் பதிவானவர்கள் சுமார் 50 லட்சம் பேர், தமிழ்நாட்டில் சுமார் 1.27 லட்சம் பேர். இது பழைய கணக்கு. அடுத்த கணக்கெடுப்பு வரும் வரை இதை வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறோம். 2018-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இன்னொரு எண்ணைத் தந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே 23.8 விழுக்காடுதான். பொது மக்களிடம் அது ஏறக்குறைய பாதி. மீதிப் பேர் வேலை தேடுவதையே விட்டவர்கள் அல்லது தேடத் தொடங்காதவர்கள்.

ஒதுக்கீட்டின் கதைக்கு வருவோம். 1995 சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் 3 விழுக்காடு கொடுத்தது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். 2016 சட்டம் அதை 4 ஆக்கியது. கூடுதலாக வந்த ஒன்று ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்ற பிரிவுகளுக்குப் போனது. பார்வையற்றோரின் பங்கு அதே 1-இல்தான் நிற்கிறது. நூறு காலியிடத்துக்கு ஒருவர். ஓர் ஆண்டில் ஆறு பேரை எடுக்கும் அலுவலகத்தில் அந்த ஒருவருடைய முறை வர எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்றைக்கூடக் கொடுக்காமல் இருக்க அரசு இயந்திரம் கண்டுபிடித்த வழி அலாதியானது. எந்தெந்தப் பதவிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று முதலில் 'அடையாளம் காண' வேண்டும் என்றது சட்டம். அடையாளம் காணும் வேலையைத் தள்ளிப் போட்டார்கள். பிறகு, 'இந்தப் பதவி இன்னும் அடையாளம் காணப்படவில்லை, ஆகவே ஒதுக்கீடு கிடையாது' என்றார்கள். மாவை அரைக்காமல் வைத்துவிட்டு, மாவு இல்லை என்று தோசை மறுப்பது மாதிரி. குடிமைப் பணித் தேர்வில் தேறிய பார்வையற்றவர் ஒருவரின் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாக்கை ஏற்க மறுத்தது. அடுத்த சாக்கு இன்னும் நுட்பமானது: ஒதுக்கீடு உண்டு, ஆனால் அதை மொத்தக் காலியிடத்தில் கணக்கிட மாட்டோம், அடையாளம் காணப்பட்ட பதவிகளில் மட்டுமே கணக்கிடுவோம். அந்தப் பட்டியல் சின்னதாக இருந்தால் விழுக்காடும் தானாகச் சுருங்கிவிடும் அல்லவா? தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று, ஈரோடு மாவட்டத்துக்காரரான அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம் எழுதிய தீர்ப்பு அந்த வாசலையும் அடைத்தது. மொத்தக் காலியிடங்களின் மேல்தான் கணக்கு என்றது.

நிரப்பாத இடம் என்ன ஆகும்? பின்னடைவுக் காலியிடமாக அடுத்த ஆண்டுக்குப் போகும். அடுத்த ஆண்டும் ஆள் கிடைக்கவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளின் வேறு பிரிவுக்கு மாற்றலாம். அங்கும் ஆள் இல்லாவிட்டால்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. நடப்பில், பார்வையற்றவருக்கான இடம் 'தகுதியானவர் இல்லை' என்ற குறிப்போடு நகர்ந்து நகர்ந்து, கை, கால் குறைபாடு உள்ளவரிடம் போய்ச் சேர்வதற்கு இதுவே பாதையாகிவிடுகிறது என்பது பார்வையற்றோர் சங்கங்களின் நெடுநாள் மனக்குறை. ஒரு அலுவலகத்துக்கு மாற்றுத்திறனாளியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் அது தேடுவது படிக்கவும் எழுதவும் 'தொல்லை தராத' ஒருவரை. குறைபாடுகளுக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது, அதில் பார்வையின்மை கடைசிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லத் தயங்குவானேன்?

2021 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் 3,566 பதவிகள் உள்ளன. ஒவ்வொரு பதவிக்கும் எதிரே உட்காருவது, நிற்பது, நடப்பது, படிப்பது-எழுதுவது, பார்ப்பது, கேட்பது என்று தேவையான செயல்களைக் குறியீடாகப் போட்டிருப்பார்கள். இந்தக் குறியீடுகள்தாம் எனக்கு ஆர்வம் தருபவை. கோப்பைப் படிக்க வேண்டும், ஆகவே கண் வேண்டும் என்று நினைக்கிறவர் பட்டியல் போட்டால் ஒரு மாதிரி வரும். கோப்பில் இருப்பது தெரிய வேண்டும், அது காது வழியாகவும் விரல் வழியாகவும் தெரியலாம் என்று நினைக்கிறவர் போட்டால் வேறு மாதிரி வரும். பிராஞ்சல் பாட்டீலின் கதை இதற்கு நல்ல சான்று. 2015 குடிமைப் பணித் தேர்வில் 773-ஆம் இடம் பிடித்த அவருக்கு இந்திய ரயில்வே கணக்குப் பணி ஒதுக்கப்பட்டது. முழுப் பார்வையின்மையைக் காட்டி ரயில்வே ஏற்க மறுத்தது. மறுபடி எழுதி 124-ஆம் இடம் பிடித்து ஐ.ஏ.எஸ். ஆனார். 2019 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் சப்-கலெக்டராகப் பொறுப்பேற்றார். கணக்குப் பார்க்க லாயக்கில்லை என்று சொல்லப்பட்டவர் கோட்டத்தையே நிர்வகிக்க லாயக்காகிவிட்டார். சென்னையின் பெனோ செபின் அதற்கு முன்பே, 2015-இல், முழுவதும் பார்வையற்ற முதல் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி ஆகியிருந்தார். இப்படிப்பட்ட பெயர்களைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். 'பார், அவரே சாதித்துவிட்டார்' என்று முதலிடக்காரரைக் காட்டி இரண்டாயிரமாவது இடத்துக்காரரின் வாயை அடைப்பது நம் ஊரில் வாடிக்கை. சாதாரண மதிப்பெண் எடுத்த பார்வையுள்ளவர்கள் சாதாரண வேலையில் சேர்ந்து சாதாரணமாக ஓய்வு பெறுகிறார்களே, அந்தச் சாதாரணம்தான் பார்வையற்றவருக்குக் கிடைப்பதில்லை.

ஒரு காலத்தில் அந்தச் சாதாரணம் கொஞ்சம் இருந்தது. வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தொலைபேசி இயக்குநர் என்ற நாற்காலி இருந்தது. பெரும்பாலும் பார்வையற்றவர் அதில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு இணைப்புக் கொடுப்பார். தெருமுனைகளில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. பிரம்பு நாற்காலி பின்னும் பிரிவு பல நிறுவனங்களில் இருந்தது. நேரடி டயல், செல்போன், பிளாஸ்டிக் நாற்காலி மூன்றும் சேர்ந்து இருபதாண்டுக்குள் இவற்றை விழுங்கிவிட்டன. அதே தொழில்நுட்பம்தான் கணினியைப் பேச வைத்துப் புதிய வேலைகளைத் திறந்தது. ஆனால் பழையதை இழந்தவரும் புதியதைப் பெற்றவரும் ஒரே ஆள் இல்லை. தாம்பரம் - கடற்கரை மின்ரயிலில் ஊக்கு, சீப்பு, அடையாள அட்டை உறை விற்றபடி பெட்டி பெட்டியாகப் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பி.ஏ., பி.எட். முடித்தவர்கள் அங்கே உண்டு.

பி.எட். என்பது தற்செயல் இல்லை. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டில் பார்வையற்றோர் கல்விக்கு நல்ல மரபு இருக்கிறது. ஆனால் அந்த மரபு கலைப் பாடங்களில் தேங்கிவிட்டது. வடிவியல் படம், வேதியியல் சோதனை, வரைபடம் என்று வந்தால் கற்பிக்க வழி தேடுவதற்குப் பதில் விலக்குக் கொடுத்து அனுப்பிவிடுவது பள்ளிக்கு எளிது. விலக்கு அன்றைக்கு இரக்கமாகத் தெரியும். பத்தாண்டு கழித்து, புள்ளியியலும் கணக்கியலும் கணினி அறிவியலும் கேட்கிற வேலை அறிவிக்கை முன்னால் நிற்கும்போதுதான் அது என்ன என்று புரியும். ஆகவே தமிழ் இலக்கியமும் வரலாறும் ஆங்கிலமும் படித்து, எல்லோரும் ஆசிரியர் பணி என்ற ஒரே வாசலில் வந்து நெருக்குகிறார்கள். அங்கே ஆசிரியர் தகுதித் தேர்வு, பிறகு பணியிடம் இல்லை, பிறகு வயது. பார்வையற்ற பட்டதாரிகள் சென்னையில் திரும்பத் திரும்பச் சாலை மறியல் செய்வதற்குப் பின்னால் இருப்பது இந்த நெரிசல். போக்குவரத்து நின்றுபோன எரிச்சலில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நமக்கு, வெள்ளைக் கோலோடு நடுச்சாலையில் உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று தோன்றுவதில்லை.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2010 வாக்கில் கலைஞர் ஆட்சியில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் சங்கங்களில் பலரும் தங்களைப் 'பார்வையற்றோர்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இல்லாததை இல்லை என்று சொல்வதில் அவர்களுக்குக் கூச்சம் இல்லை, அதைச் சாக்காக வைத்து மற்றதையும் மறுப்பதில்தான் சண்டை.)

தேர்வு எழுதும் இடத்துக்கு வருவோம். ஸ்கிரைப், அதாவது சொல்வதை எழுதுபவர். பார்வையற்ற தேர்வருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். நேரம் கிடைத்துவிடும், ஆள் கிடைப்பதுதான் பாடு. 2018 வழிகாட்டுதலின்படி, தேர்வரே அழைத்து வருகிற ஸ்கிரைப் அவரைவிட ஒரு படி குறைந்த படிப்புப் படித்தவராக இருக்க வேண்டியிருந்தது. விடையை அவரே எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்ற சந்தேகத்தில் பிறந்த விதி. பார்வையுள்ளவர் தன் பேனாவை நம்புகிறார். பார்வையற்றவர் அன்று காலை அறிமுகமான ஒரு மாணவரின் வாசிப்பையும் கையெழுத்தையும் எழுத்துப்பிழையையும் நம்ப வேண்டும். வர்க்கமூலத்தை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் ஸ்கிரைப் விழித்தால் போவது தேர்வரின் மதிப்பெண். வங்கித் தேர்வில் வட்ட விளக்கப்படத்தைக் காட்டிக் கேட்கும் கேள்வியை ஒரு நிமிடத்துக்குள் வாயால் சொல்லி விளக்க, எழுதுபவருக்கு முதலில் அது புரிய வேண்டுமே.

இதே வழிகாட்டுதலில் இன்னொரு வழியும் இருக்கிறது. பிரெயிலிலோ, பெரிய எழுத்திலோ, கணினியிலோ, விடையை ஒலிப்பதிவு செய்தோ எழுதத் தேர்வர் விருப்பம் தெரிவிக்கலாம். கணினி என்றால் முதல் நாளே போய் அதைச் சோதித்துப் பார்க்கவும் அனுமதி உண்டு. பேசும் கணினியில் தானே படித்துத் தானே தட்டச்சு செய்து எழுதுவதைவிட நேர்மையான தேர்வு முறை இருக்க முடியாது. காப்பியடிப்பது பற்றிய கவலையும் தீர்ந்தது. இந்த வழி தாளில் இருந்தும் பரவாமல் இருப்பதற்குத் தேர்வு நடத்துபவர்களின் பழக்கம் ஒரு காரணம். தமிழுக்கு மட்டும் இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த விஷயத்தில் யாரும் பேசாத, எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிற தடை அதுதான்.

பார்வையற்றவர் கணினியைப் பயன்படுத்துவது ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் மூலம். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கிக் காதில் சொல்லும். ஜாஸ் என்பது விலை கொடுத்து வாங்குவது. என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கியது. பென்டிரைவில் வைத்தே ஓட்டலாம், தமிழும் பேசும். ஆனால் அது பேசுவதற்குத் திரையில் உண்மையான எழுத்து இருக்க வேண்டும், எழுத்து மாதிரி தோன்றும் படம் இருந்தால் போதாது. பாமினி முதலான பழைய எழுத்துருக்களை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். மூன்று பக்கச் சுற்றறிக்கையைத் திறந்தால் பார்வையற்ற ஊழியர் காதில் விழுவது 'ஜேகேபிஓ' மாதிரியான இரைச்சல்.

அரசு அலுவலகங்களில் நெடுநாள் புழங்கிய வானவில் என்ற எழுத்துருவுக்கும் இதே கதை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினிக்குள் சேமிக்கும் குறியீட்டு முறைகளான யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்று அரசு ஆணையிட்டது. ஆணை வந்து பதினைந்து ஆண்டு ஆன பிறகும் பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை இணையதளத்தில் ஏற்றும் பழக்கம் போகவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை அறிவிக்கும் ஆணையே படமாகத்தான் வரும். யாருக்காகப் போட்டார்களோ அவர் அதைப் படிக்கப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட வேண்டும். தமிழ் எழுத்துணரி மென்பொருள்கள் இப்போது ஸ்கேன் பக்கத்தை ஓரளவு எழுத்தாக்கித் தருகின்றன. ஆனால் கையொப்பமும் முத்திரையும் மேலே விழுந்த பக்கத்தில், அட்டவணைக்குள் இருக்கும் எண்களில், அவற்றை நம்பி ஒரு கோப்பில் குறிப்பெழுத முடியாது.

இதன் விளைவு என்ன? ஒதுக்கீட்டில் ஒருவர் இளநிலை உதவியாளராகச் சேர்கிறார். கோப்பு அவரால் படிக்கக்கூடிய வடிவில் வருவதில்லை. 'பாவம், அவருக்கு எதற்குச் சிரமம்' என்று வேலையே கொடுக்காமல் ஒரு நாற்காலி கொடுக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து 'அவரால் என்ன முடியும், சும்மா உட்கார்ந்திருக்கிறார்' என்கிறார்கள். அடுத்த காலியிடம் வரும்போது இந்த அனுபவமே சான்றாகிறது. செலவில்லாமல் இதை உடைக்க முடியும்: கோப்பை யூனிகோடில் அடித்து, ஸ்கேன் செய்யாமல் அப்படியே ஏற்றினால் போதும். மூன்று சக்கர வண்டி வழங்கும் விழாவுக்குக் கிடைக்கும் புகைப்படம் இதற்குக் கிடைக்காது என்பதால் செய்வாரில்லை.

உச்ச நீதிமன்றம் இந்தப் பக்கமும் வந்திருக்கிறது. 2024 நவம்பரில், பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடங்கிய வழக்கில், அணுகல் தரங்களை, அதாவது கட்டடமும் இணையதளமும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகளை, வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது, கட்டாயமான தரங்களை வகுக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, வங்கியின் மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்பதை எதிர்த்து வந்த வழக்கில், இணைய அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சம்பளக் கணக்குத் தொடங்கவே கண்ணைச் சிமிட்ட வேண்டியிருந்தால் வேலை கிடைத்தும் சிக்கல்தானே.

தனியார் துறையைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான், ஆனால் சட்டமே அங்கே குறைவாகத்தான் பேசுகிறது. 4 விழுக்காடு தனியாருக்கு இல்லை. 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளை வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தர அரசுகள் திட்டம் வகுக்கலாம் என்று இருக்கிறது, அதுவும் அரசின் வசதிக்கேற்ப. வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிற 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் பெயர் சொல்லிக் கட்டுகிறது. தனியாரையும் சேர்த்துக் கட்டுவது 21-ஆவது பிரிவு: ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் என்ன வசதி, எந்தப் பதவி, யாரை அணுகுவது என்பதையும் அதில் சொல்ல வேண்டும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். பெரிய நிறுவனம் ஒன்றின் ஒரு நாள் டீச் செலவுக்குக் காணாது. மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்; அவர் சம்மன் அனுப்பலாம், விசாரிக்கலாம், கடைசியில் பரிந்துரைக்கலாம். பரிந்துரையை ஏற்காதவர் மூன்று மாதத்துக்குள் காரணம் சொன்னால் போதும்.

நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் வேலையைப் பற்றியே இருக்காது. ஆபீஸுக்கு எப்படி வருவீங்க, தீப்பிடித்தால் என்ன செய்வீங்க, டாய்லெட்டுக்கு யார் கூட்டிப் போவாங்க. கல்லூரிக்குத் தனியாகப் பேருந்தில் போய் வந்தவரிடம் இதைக் கேட்பார்கள். பெண் என்றால் 'வீட்டில் சம்மதிப்பாங்களா?' என்பது கூடுதல். ஸ்கிரீன் ரீடரை நிறுவ விண்ணப்பித்தால், வெளி மென்பொருள் எதையும் அனுமதிப்பதில்லை என்று கணினிப் பாதுகாப்புப் பிரிவு பதில் போடும். வருகைப் பதிவு செய்யும் உள் தளத்தில் பொத்தானுக்குப் பெயர் இருக்காது, படம் மட்டும் இருக்கும். இதையெல்லாம் தாண்டிய மென்பொருள் பொறியாளருக்குக் காத்திருப்பது வேறொரு பொறி. எங்கே போனாலும் அவரை அணுகல் சோதனைப் பிரிவிலேயே போடுவார்கள். முக்கியமான வேலைதான், பலர் விரும்பியும் செய்கிறார்கள். ஆனால் பார்வையற்றவர் என்றால் பார்வையற்றோருக்கான பொருளை மட்டும் சோதிக்க வேண்டும் என்பது, தொலைபேசி நாற்காலியின் புதிய வடிவம் இல்லாமல் வேறென்ன?

கடைசியாக, வேலையில் இருக்கும்போதே பார்வை போனவர்களைப் பற்றி. சர்க்கரை நோயிலும் கண்ணழுத்த நோயிலும் விபத்திலும் நடு வயதில் இது நேர்வது உண்டு. பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் 1977-இல் உதவி லைன்மேனாகச் சேர்ந்த ஒருவருக்கு 1994-இல் முழுப் பார்வையும் போனது. இப்படிப்பட்டவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது, வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடத்தில் சம்பளத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று 1995 சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொன்னது. இன்றைய சட்டத்தின் 20-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இது அந்த லைன்மேனுக்குத் தெரியாது. தனக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தன் மனைவிக்கு ஒரு வேலை தரும்படி வாரியத்துக்கு அவரே எழுதிக் கொடுத்தார். வாரியம் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டது. அவரை அனுப்பிவிட்டது, மனைவிக்கு வேலை கொடுக்கவில்லை. வழக்கில், 'அவரே விரும்பித்தானே எழுதினார்' என்று அந்தக் கடிதத்தை நீட்டியது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ஒதுக்கியது. பார்வை இழந்து நிற்கிறவரிடம் சட்டம் உனக்கு என்ன தந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமையாக இருந்தது என்றது. ஓய்வு நாள் வரை அவர் பணியில் இருந்ததாகவே கொண்டு, ஊதிய உயர்வு உட்பட எல்லாப் பயன்களையும் கொடுக்கச் சொன்னது. அதற்குள் பார்வை போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.